எட்டு வேலை அடுப்பு

அடி அண்ணாமலைத் திருப்பத்தில் சோளம் சுட்டு விற்கும் வெள்ளையம்மாளுக்கு நல்லது செய்தே தீருவது என்று ஓர் அலுவலகம் முடிவு செய்துவிட்டது. அதன் பிறகு அவளைக் காப்பாற்ற ஒருவராலும் முடியவில்லை.

அலுவலகத்தின் பெயர் கிரிவலப் பாதை உணவு மேம்பாட்டு மையம். செங்கம் சாலையில், வெளிநாட்டுக்காரர்கள் காப்பி குடிக்கும் கடைகளுக்கு நடுவே, ஒரு வாடகை வீட்டில் பலகை மாட்டிக்கொண்டு இருந்தது. மேம்படுத்த வேண்டிய உணவு எதையும் அங்கே இருந்தவர்கள் பாதையில் நின்று தின்று பார்த்ததில்லை. அதையே ஒரு தகுதியாகச் சொல்லிக்கொண்டார்கள். தின்று பார்த்தால் பாரபட்சம் வந்துவிடுமாம்.

வெள்ளையம்மாளின் அடுப்பு ஒரு பழைய இரும்புக் கடாய். டவுனில் பட்டறை வைத்திருக்கும் அப்துல் ரசாக் அதற்கு மூன்று கால் வைத்து ஒட்டிக் கொடுத்திருந்தார். ஒரு கால் ஆட்டம் கண்டதும் கம்பியால் இறுக்கிக் கட்டிக்கொண்டாள். கரியைக் கொட்டிப் பற்றவைத்து விசிறினால் கண் மூடித் திறப்பதற்குள் கனிந்துவிடும். கதிரைத் திருப்பித் திருப்பிச் சுட்டு, எலுமிச்சை மூடியை உப்பு மிளகாய்த்தூளில் தொட்டுத் தேய்த்து, அதன் தோகையிலேயே வைத்து நீட்டுவாள். மலை சுற்றுகிறவர்கள் வெறுங்காலோடு வருவார்கள் என்பதால் அடுப்பைச் சுற்றி எப்போதும் ஓர் ஈரச் சாக்கை விரித்திருப்பாள். பொறி தெறித்தால் சாக்கில் விழுந்து அவிந்துவிடும். இத்தனை வருஷத்தில் யார் காலும் சுட்டதில்லை.

மையம் சாக்கைப் பார்க்கவில்லை. பொறியைத்தான் பார்த்தது.

ஒரு நல்ல நாளில் பாதையோரம் பந்தல் போட்டார்கள். நடுவில், கண்ணாடித் தாள் சுற்றிய ஒரு பெரிய பொருள் நின்றது. கீழே சக்கரம், மேலே கவிழ்த்த குண்டான் மாதிரி கறுப்பு மூடி, மூடியின் நெற்றியில் சூடு காட்டும் முள், பக்கத்தில் இரண்டு பலகை, அடியில் கேஸ் சிலிண்டர். மையத்தின் இயக்குநர் கோதண்டராமன் ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

“இதுக்குப் பேரு பன்முகப் பயன்பாட்டு வெளிப்புறச் சுடு அடுப்பு. எட்டு வேலை செய்யும். சுடும், வாட்டும், வறுக்கும், பேக் பண்ணும், புகை போடும், கோழியக் கம்பில மாட்டினா தானாச் சுத்தும், பீட்சா போடும், ஆறினதச் சூடு பண்ணும். பாதையில எட்டு லிங்கம். அடுப்புல எட்டு வேலை. இது தற்செயலா? இல்ல. திட்டமிடல்.”

கை தட்டினார்கள். அவர் வெள்ளையம்மாள் பக்கம் கை நீட்டினார்.

“இந்த அம்மாவப் பாருங்க. கரி, புகை, கண்ணெரிச்சல். இந்தக் காலத்துல இது அவமானம் இல்லையா? ஆனா இவங்களுக்கு அவமானமாவே தெரியல. அதான் பிரச்சனை. அவமானப்படறதுக்குக்கூட நாமதான் பயிற்சி குடுக்க வேண்டியிருக்கு.”

மறுபடியும் கை தட்டினார்கள். எல்லோரும் தட்டுகிறார்களே என்று வெள்ளையம்மாளும் தட்டினாள். அவள் தட்டிக்கொண்டிருந்தபோது, பின்னால் இரண்டு பேர் அவளுடைய கடாய் அடுப்பைத் தூக்கி லாரியில் போட்டார்கள். பழைய அடுப்பைப் ‘பயனாளி தானாக முன்வந்து ஒப்படைத்தார்’ என்று ஒலிபெருக்கி சொன்னது. முன்வந்தது அடுப்புதான். அவள் நின்ற இடத்தில்தான் நின்றாள்.

பிறகு புது அடுப்புக்குப் பூஜை நடந்தது. கோதண்டராமனே கறுப்பு மூடியில் மூன்று விரலால் விபூதிப் பட்டை இழுத்து, நடுவில் சந்தனமும் குங்குமமும் வைத்து, மாலை போட்டார். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். தேங்காய் உடைக்கக் கல் எதுவும் கண்ணில் படவில்லை. அடுப்பின் மூலையிலேயே ஓங்கி அடித்தார். தேங்காய் சரிபாதியாக உடைந்தது. நல்ல சகுனம் என்றார்கள். தண்ணீர் முழுவதும் தீ மூட்டும் பொத்தானுக்குள் இறங்கியது.

பயிற்சியாளர் பிரசாத் பொத்தானை அமுக்கினார். ‘டிக்’ என்றது. மறுபடி அமுக்கினார். அதுவும் இல்லை.

“சூப்பர்,” என்றார் பிரசாத். புகைப்படம் எடுத்தார்கள்.

பயிற்சி மறுநாள் நடந்தது. பக்கத்தில் எலுமிச்சை சோடா வண்டி போட்டிருக்கும் ரூக்ஸாரும் வேடிக்கை பார்க்க வந்து நின்றாள்.

“அம்மா, மொதல்ல பீட்சா,” என்று பிரசாத் ஆரம்பித்தார்.

“சோளம் எங்க சார் வெக்கறது?”

பிரசாத் புத்தகத்தைப் புரட்டினார். நெடுநேரம் புரட்டிய பின் முகம் மலர்ந்தது. “இருக்கு! கதிர அலுமினியத் தாள்ல சுத்தணும், மூடிய மூடணும், நாப்பது நிமிஷம் வெக்கணும்.”

“நாப்பது நிமிஷத்துல கேட்ட ஆளு அடுத்த லிங்கத்துக்குப் போயிடுவாரே சார்.”

“நீங்க அவரக் காத்திருக்கப் பழக்கணும்மா.”

“அக்கா, எனக்கு ஜாஸ்தி வேலை இல்ல,” என்றாள் ரூக்ஸார். “நான் வேணா பின்னாலயே கதிர எடுத்துக்கினு ஓடறேன்.”

பிரசாத் காதில் வாங்காதவர் போல விதிமுறைகளைப் படித்தார். கரி போடக் கூடாது. தீக்குச்சியால் பற்றவைக்கக் கூடாது; வைத்தால் உத்தரவாதம் போய்விடும். உத்தரவாதம் போனால் பாதையில் இடமும் போய்விடும். பௌர்ணமியன்று இந்த அடுப்பு இல்லாமல் இடத்தில் உட்கார்ந்தால் அந்த இடம் வேறு பயனாளிக்கு. அப்புறம், வெயிலிலும் மழையிலும் வைக்கக் கூடாது.

வெள்ளையம்மாள் கடைசி விதியைத் திரும்பச் சொல்லச் சொன்னாள்.

“வெளியில வெக்கற அடுப்புன்னு சொன்னீங்களே சார்?”

“வெளியில வெக்கற அடுப்புதாம்மா. ஆனா வெயில், மழை, காத்து, தூசி இல்லாத வெளியில வெக்கணும்.”

அப்படிப்பட்ட வெளி அவளுடைய வீட்டுக்குள் மட்டும்தான் இருந்தது. வாசல் நிலையில் இடித்து, பக்கப் பலகைகளைக் கழற்றி, நாலு பேர் தள்ளி அடுப்பை உள்ளே விட்டார்கள். அது உள்ளே போனதும் அவளுக்கு இடமில்லை. வெளிப்புற அடுப்பு கூரைக்குக் கீழே தூங்கியது. வெள்ளையம்மாள் வாசலில் படுத்தாள்.

பொத்தானை அவள் தினமும் அமுக்கினாள். நயமாக அமுக்கினாள், திட்டி அமுக்கினாள், குளித்துவிட்டு வந்து அமுக்கினாள். அந்தப் பௌர்ணமி வந்தது. பாதை முழுக்கத் தலையாக இருந்தது. அவள் எரியாத அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, “சோளம் இல்லையாம்மா?” என்று கேட்டவர்களுக்கெல்லாம் இல்லை இல்லை என்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள். ஒரு பௌர்ணமியில் விற்றதை வைத்துத்தான் அவள் வீட்டில் அடுத்த பௌர்ணமி வரை உலை வைப்பது. அந்த மாதம் ரூக்ஸாரின் வண்டியில் கிளாஸ் கழுவி வயிறு கழுவினாள்.

“அடுத்த பௌர்ணமியும் இப்படியே போச்சுன்னா, அக்கா?” என்று ரூக்ஸார் கேட்டாள்.

“போவாது. என் அடுப்பு எனக்கு வேணும். போய்க் கேக்கறேன்.”

மையத்தில் குறை சொல்ல ஒரு நாள் ஒதுக்கியிருந்தார்கள். அதற்கு நிறை குறை கேட்பு நாள் என்று பெயர். கோதண்டராமன் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்தார்.

“உக்காருங்கம்மா. ஒரு குறை சொல்லணும்னா மொதல்ல மூணு நிறை சொல்லணும். இங்க அதான் முறை. எடுத்த உடனே குறைன்னா மனசு கெட்டுப்போயிடும்.”

“எரியல சார்.”

“அது குறை. நிறை சொல்லுங்க.”

வெள்ளையம்மாள் யோசித்தாள். “சக்கரம் கீது சார்.”

“ஒண்ணு.”

“மூடி கீது.”

“ரெண்டு. பாருங்க, எவ்ளோ நல்லா வருது.”

மூன்றாவது அவளுக்குக் கிடைக்கவே இல்லை. வெயில் ஏறியது. கடைசியில், “உள்ள ஒரு குருவி கூடு கட்டப் பாக்குது சார்,” என்றாள்.

“சுற்றுச்சூழல் பாதுகாப்பு,” என்று கோதண்டராமன் எழுதிக்கொண்டார். “இப்ப குறை?”

“எரியல சார்.”

அவர் நாற்காலியில் சாய்ந்தார். குரலில் பரிவு வந்தது.

“அம்மா, இந்தத் திட்டத்துக்கு மூணு இலக்கு. புகை இருக்கக் கூடாது. சாம்பல் இருக்கக் கூடாது. பக்தருங்க கால்ல பொறி படக் கூடாது. உங்க அடுப்புல போன மாசம் புகை வந்துச்சா?”

“இல்ல சார்.”

“சாம்பல்?”

“இல்ல.”

“யாருக்காச்சும் காயம்?”

“எரிஞ்சாத்தானே சார்...”

“அப்ப மூணு இலக்கும் நூத்துக்கு நூறு. இந்த ஜில்லாவுலயே எந்த அடுப்பும் இவ்ளோ பாதுகாப்பா இருந்தது கெடையாது. எரியறதுதான் ஆபத்து. இத நீங்க குறைன்னு நெனைக்கறீங்க பாருங்க, அதுதான் குறை. அத நாங்க சரி பண்ணுவோம்.”

“என் பழைய அடுப்பயாவது குடுத்துடுங்க சார். கும்பிட்டுக் கேக்கறேன்.”

“அது ஒழிக்கப்பட்ட பொருள். இப்ப அது இல்ல.”

“எங்க சார் போச்சு?”

“இல்லாத பொருள் எங்கயும் போகாதும்மா,” என்றார் கோதண்டராமன். வாயில் வந்த வாக்கியம் அவருக்கே பிடித்துப்போய், இன்னொரு முறை மெதுவாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

அவள் திரும்பி வந்து, இடத்தை விட்டுவிடக் கூடாது என்பதற்காக, தினமும் ஆள் பிடித்து அந்த அடுப்பைத் தள்ளிக்கொண்டு போய்ப் பாதையோரம் நிறுத்தி உட்கார்ந்தாள். மூடியின் பட்டையையும் பொட்டையும் அவள் துடைக்கவில்லை. ஆய்வுக் குழு வரும் வரை பூஜை அடையாளம் அழியக் கூடாது என்பது உத்தரவு. ஆந்திராவிலிருந்து வந்த ஒரு குடும்பம் ஒரு நாள் மாலை அதன் முன்னால் நின்றது. கறுப்பு வடிவம், விபூதிப் பட்டை, காய்ந்த மாலை, காலடியில் எலுமிச்சம்பழம். பெரியவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

“இது அடுப்புங்க,” என்றாள் வெள்ளையம்மாள்.

“நெருப்பு இருக்கற இடம் தெய்வம்தானே அம்மா,” என்று பெரியவர் பக்கப் பலகையில் சூடம் ஏற்றினார்.

அவள் நெருப்பே இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவர் மூன்று சுற்று சுற்றிவிட்டார். அவர் சுற்றுவதைப் பார்த்த பின்னால் வந்தவர்களும் சுற்றினார்கள். அந்த வாரத்துக்குள் அடுப்புக்கு எட்டு மாலை விழுந்துவிட்டது. சூடு காட்டும் முள்ளின் மேல் ஒருவர் பட்டுத் துண்டு கட்டினார்.

மையத்துக்குச் செய்தி போயிற்று. வெள்ளையம்மாளுக்கு உயிர் வந்தது. இப்போதாவது எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

கோதண்டராமன் வந்தார். பார்த்தார். கண் கலங்கினார்.

“பிரசாத், ஒன்பதாவது பயன்பாடு!”

அன்று சாயங்காலமே அடுப்பைச் சுற்றிக் கயிறு கட்டி, பூட்டுப் போட்ட ஓர் உண்டியலும் வைத்தார்கள். கயிற்றுக்குள் உணவுப் பொருள் எதுவும் சமைக்கக் கூடாது என்று பலகை மாட்டினார்கள். வெள்ளையம்மாளைக் கயிற்றுக்கு வெளியே உட்காரச் சொன்னார்கள். கயிற்றுக்கு வெளியே இருந்தது சாக்கடை.

“அக்கா, அடுப்புக்கு எடம் குடுத்தாங்க, உனக்குக் குடுக்கல பாரு,” என்றாள் ரூக்ஸார். அவள் சிரிக்கவில்லை.

மறு பௌர்ணமி வந்தது. அன்றைக்குத்தான் சென்னையிலிருந்து ஆய்வுக் குழு. வெள்ளையம்மாள் மையத்துக்கு வந்து மேடையில் நிறை சொல்ல வேண்டும் என்று பிரசாத் ஒரு மஞ்சள் புடவையைக் கொண்டுவந்து கொடுத்தார். திட்டத்தின் சீருடையாம். ஓரத்தில் மையத்தின் முத்திரை.

“நீ போய்ட்டு வா,” என்றாள் ரூக்ஸார். “கீழ்பென்னாத்தூர் வண்டியில வந்த சோள மூட்டய நான் பாத்துக்கறேன். எரியுதோ இல்லையோ, கதிர் வாடிடும்ல, தண்ணி தெளிச்சு வெக்கறேன்.”

வெள்ளையம்மாள் மஞ்சள் புடவையைச் சுற்றிக்கொண்டு, அடுப்பு இல்லாத போதும் பழக்கத்தில் ஈரச் சாக்கை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, வெறுங்காலோடு போனாள்.

கூடத்தில் குளிர்சாதனம் ஓடியது. குழுவின் தலைவி அருணாதேவி நடுவில் உட்கார்ந்திருந்தார். கோதண்டராமன் திரையில் படம் காட்டினார். புகை பூஜ்யம். சாம்பல் பூஜ்யம். விபத்து பூஜ்யம். பூஜ்யங்கள் ஒவ்வொன்றும் ஒரு சோளக் கதிர் உயரத்துக்கு இருந்தன.

“எரிபொருள் செலவும் பூஜ்யம் மேடம்,” என்றார். “உலகத்துல எந்த நாட்டு அடுப்பும் இந்த அளவ எட்டினதில்ல.”

“சமையல்?” என்று குழுவில் ஒருவர் கேட்டார்.

“அது அடுத்த கட்டத்துல.”

குழு குறித்துக்கொண்டது. அப்போது தட்டுகள் வந்தன. ஒவ்வொரு தட்டிலும், தோகையில் வைத்த சுட்ட சோளம். எலுமிச்சை, உப்பு, மிளகாய்த்தூள். அருணாதேவி ஒரு கடி கடித்துக் கண்ணை மூடினார்.

“ஆஹா! கோதண்டராமன், கரியில சுட்டதுக்குன்னு ஒரு வாசம் இருக்கு பாருங்க. இது வேற எதுலயும் வராது.”

“வரவே வராது மேடம்,” என்றார் கோதண்டராமன், இரண்டு கையாலும் கதிரைப் பிடித்துக் கடித்தபடி. “நம்ம பாரம்பரியம். உங்களுக்காகவே ஸ்பெஷலா ஏற்பாடு பண்ணினேன்.”

வெள்ளையம்மாள் எழுந்தாள். யாரும் கவனிக்கவில்லை, பயனாளிகள் எழுவதும் உட்காருவதும் நிகழ்ச்சி நிரலில் இல்லை. வாசனை வந்த வழியே பின்கட்டுக்குப் போனாள்.

வேப்பமரத்தடியில் அவளுடைய அடுப்பு இருந்தது. கம்பி கட்டிய கால், கரி பிடித்த விளிம்பு, கடாய் நிறையக் கங்கு. காவலாளி விமல்ராஜ் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, மையத்தின் ஆண்டறிக்கையால் விசிறிக்கொண்டிருந்தான்.

“இது இன்னாது?” என்றாள் வெள்ளையம்மாள்.

“அடுப்புமா. அன்னிக்கு லாரில வந்துது. டீ, சோறு எல்லாம் இதுலதான். கேஸு இங்க இல்ல.” அவன் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தான். “ஏம்மா? உன்துதா?”

இல்லாத பொருள். எங்கேயும் போகாத பொருள். அவள் சாக்கைத் தொட்டித் தண்ணீரில் முக்கி, நாலாக மடித்தாள். சூடு மார்பில் படாமலிருக்க வேப்பங்கொத்து இரண்டை ஒடித்து முன்னால் செருகிக்கொண்டாள். சாக்கோடு சேர்த்து அடுப்பை, கங்கோடும் அதன் மேல் வெந்துகொண்டிருந்த கதிரோடும், இரண்டு கையால் தூக்கினாள்.

“ஐயோ, சாருக்கு ரெண்டாவது ரவுண்டும்மா அது!” என்றான் விமல்ராஜ்.

“சாரப் பாதைக்கு வரச் சொல்லு.”

அவள் பக்கவாட்டு வழியாகச் செங்கம் சாலையில் இறங்கினாள். வெயில் தாழ்ந்திருந்தாலும் தார் இன்னும் கொதித்தது. மலை சுற்றும் கூட்டம் பெருகிக்கொண்டிருந்தது. மஞ்சள் புடவை, வெறுங்கால், வேப்பிலை, கையில் கனலும் சட்டி. பார்த்தவர்கள் ஒதுங்கினார்கள்.

“தீச்சட்டி வருது, வழி விடுங்க!” என்று ஒருவர் கத்தினார்.

கயிறு பிடித்து நின்ற போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றிக் கும்பிட்டுவிட்டுக் கயிற்றைத் தூக்கினார். ஒரு பெண் ஓடிவந்து குடத்துத் தண்ணீரை அவள் பாதத்தில் ஊற்றினாள். கொதித்துக்கொண்டிருந்த பாதம் குளிர்ந்தது. இது வேண்டுதல் இல்லை, என் அடுப்பு என்று சொல்லத்தான் வாய் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள். எரியாத அடுப்பைச் சாமி என்று கும்பிட்ட ஊர், எரிகிற அடுப்பைக் கும்பிட்டால் என்ன கெட்டுப்போகிறது?

பின்னால் கோதண்டராமன் ஓடிவந்தார். பிரசாத் அவருக்குப் பின்னால்.

“பிடிங்க! அது ஒப்படைக்கப்பட்ட பொருள்! மையத்தோட சொத்து!”

“யோவ், தீச்சட்டி எடுத்துக்கினு போற அம்மாவத் தொடப் போறியா?” என்று ஒரு கிழவர் குறுக்கே நின்றார்.

“செருப்போட ஓடியாறான் பாரு, பௌர்ணமி நாளும் அதுவுமா,” என்றாள் தண்ணீர் ஊற்றிய பெண்.

நூறு முகங்கள் கோதண்டராமனின் காலைப் பார்த்தன. அவர் பூட்ஸைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். அதன் பிறகு அவர் ஓடவில்லை. குதித்தார். கிரிவலப் பாதையை மேம்படுத்த வந்த நாளிலிருந்து அவர் அதில் வெறுங்கால் வைத்தது அன்றுதான்.

வெள்ளையம்மாள் தன் இடத்துக்கு வந்து சேர்ந்தபோது மலைக்குப் பின்னால் வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது. ரூக்ஸார் அவளையும் அடுப்பையும் மாறி மாறிப் பார்த்தாள். எலுமிச்சை அறுக்கும் கத்தியால் கயிற்றை ஒரே வெட்டாக வெட்டினாள். உண்டியலையும் எட்டு வேலை அடுப்பையும் தள்ளிக்கொண்டு போய்ச் சாக்கடை ஓரத்தில் நிறுத்தினாள். சக்கரம் இருந்தது, உண்மையிலேயே அது ஒரு நிறைதான்.

அடுப்பு இறங்கியது. ஈரச் சாக்கு விரிந்தது. மூட்டை அவிழ்ந்தது. வெள்ளையம்மாள் விசிறியை எடுத்து வீசினாள். கங்கு சிவந்தது, சோளம் வெடித்தது, வாசனை பாதை முழுக்கப் போனது. கும்பிட வந்தவர்கள் அப்படியே வரிசையில் நின்றார்கள்.

கோதண்டராமன் நொண்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். ஒரு கையில் பூட்ஸ்.

“ஏம்மா, என்ன தைரியம் உனக்கு! கரி அடுப்பு! தடை செஞ்ச பொருள்! எத்தன குறை இதுல தெரியுமா? சொல்லட்டுமா?”

வெள்ளையம்மாள் கதிரைத் திருப்பிப் போட்டாள். நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். அவர் மீசையில் சோள உமி ஒட்டியிருந்தது. வாயோரத்தில் மிளகாய்த்தூள்.

“சொல்லுங்க சார். ஆனா மொதல்ல மூணு நிறை சொல்லணும். அதான் முறை.”

கோதண்டராமன் வாயைத் திறந்தார். வரிசை முழுவதும் அவர் வாயையே பார்த்தது. அவர் நாக்கு, தன்னையறியாமல், உதட்டோரத்து உப்பைத் தொட்டது.

“சார்,” என்றார் பின்னால் நின்ற கிழவர், “வாங்கறதுன்னா வாங்குங்க. இல்லன்னா நவுருங்க.”